எஃப்டிஐஆர் கருவி ஆன்டிபயாடிக்கைக் கண்டுபிடித்துத் தருமா?

கடலூரில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது. பிச்சாவரம் சேற்றிலிருந்து 80 ஆக்டினோமைசீட்ஸ் (இழைவிட்டு வளரும் ஒரு பாக்டீரியா வகை) பிரித்து வைத்திருக்கிறார். கல்லூரியில் எஃப்டிஐஆர் கருவி, அதாவது ஒரு பொருள் எந்தெந்த அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுகிறது என்று வரைந்து காட்டும் கருவி, இருக்கிறது. ஒவ்வொன்றையும் புரோத்தில் (திரவ ஊடகத்தில்) வளர்த்து, அந்தத் திரவத்தை அகச்சிவப்புக் கதிரில் வைத்துப் பார்த்தால் எது ஆன்டிபயாடிக் சுரக்கிறது என்று தெரிந்துவிடுமா, பிளேட் போடும் வேலை, அதாவது கிருமி விதைத்த தட்டில் எது அதைக் கொல்கிறது என்று பார்க்கும் வேலை, மிச்சமாகுமா என்று கேட்கிறார்.

மிச்சமாகாது. ஆனால் போட வேண்டிய பிளேட்டுகள் குறையும். எதை முதலில் போடுவது என்பதும் தெரியும். அதற்குக் கருவியை வேறு கேள்விக்குப் பயன்படுத்த வேண்டும். அகச்சிவப்பு நிறமாலை மருந்தைக் காட்டாது, மருந்து செய்கிற உயிரியின் உடம்பைக் காட்டும். கீழே சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில், ஏன் காட்டாது? சேற்றிலிருந்து நேற்று பிரித்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் (ஆக்டினோமைசீட்ஸில் ஒரு பெரிய பேரினம்), லிட்டருக்குச் சில மில்லிகிராம் மருந்து சுரந்தாலே அது நல்ல ஆள். அதே லிட்டரில் ஸ்டார்ச், பெப்டோன், ஈஸ்ட் சாறு, உப்பு என்று பத்து இருபது கிராம் கரைந்து கிடக்கிறது. ஆக, காய்ந்த பொருளில் மருந்தின் பங்கு சில ஆயிரத்தில் ஒன்று. எஃப்டிஐஆர் ஒரு கலவையில் எதையாவது நம்பிக்கையோடு காட்ட வேண்டும் என்றால் அது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் கணக்கு வித்தைதான். திரவமாகவே வைத்தால் இன்னும் மோசம்: தண்ணீர் 1640-ஐ ஒட்டி (இங்கே வரும் எண்கள் எல்லாம் அலை எண்கள், செ.மீ.⁻¹ அலகில்) உட்கார்ந்துகொண்டு புரதத்தின் பீக்கை (நிறமாலையில் எழும் முகட்டை) விழுங்கிவிடும்.

நம்பாவிட்டால் ஒரு நாள் செலவழித்துச் செய்து பாருங்கள். ஆய்வகத்தில் ஆம்பிசிலின் பொடி எப்படியும் இருக்கும். அதை அப்படியே ஏடிஆர் (மாதிரியைப் படிகத்தின் மேல் வைத்தே அளக்கும் முறை) வைரத்தின் மேல் வைத்தால் 1770-ஐ ஒட்டி ஒரு கூரான பீக் எழும். பென்சிலின் வகை மருந்துகளில் உள்ள பீட்டா-லாக்டம் வளையத்தின் கார்பொனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) அது. சாதாரண அமைடு 1650 பக்கம் வரும், எஸ்டர் 1740 பக்கம் வரும். இறுகிய நான்கணு வளையத்தில் மாட்டிக்கொண்ட கார்பொனைல் இவ்வளவு மேலே தள்ளப்படுகிறது. 1940-களில் பென்சிலினின் கட்டமைப்பு பற்றிய சண்டை நடந்தபோது அகச்சிவப்பு அளவீடுகளும் அந்த வளையத்துக்குச் சாட்சி சொன்னவைதான். 1945-இல் டோரதி ஹாட்ஜ்கினின் எக்ஸ்-கதிர் ஆய்வு அதை முடித்துவைத்தது. சரி, இப்போது அந்தப் பொடியை உலர்த்திய வெற்று புரோத்தோடு பத்தில் ஒரு பங்கு, நூற்றில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கலந்து வரிசையாக எடுங்கள். 1770-இன் பீக் எந்தக் கலவையில் கண்ணிலிருந்து மறைகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள். அந்த வரைபடத்தைப் ப்ராஜெக்ட் அறிக்கையின் முதல் படமாகவே போடலாம். கருவியின் எல்லை இது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் வைவாவில் பாதிக் கேள்வி அடங்கிவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஏற்கெனவே என்ன மருந்து என்று தெரிந்து, அதை ஏராளமாகச் சுரக்கும்படி மேம்படுத்திய ஸ்ட்ரெயின்களில் (ஒரே இனத்தின் தனித்தனி வகைகளில்), எது அதிகம் சுரக்கிறது என்று அளப்பதற்கு அகச்சிவப்பு பயன்பட்டிருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் வேல்ஸ் நாட்டு அபரிஸ்த்வித் குழு ஸ்ட்ரெப்டோமைசிஸ் சிட்ரிகலர் புரோத்தில் அரிஸ்டரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை இப்படி அளந்தது: நிறமாலையை எடுத்து, தெரிந்த அளவுகளைக் கொண்டு கணினிக்குப் பழக்கி, தெரியாததைக் கணித்தது. அது தொழிற்சாலைக்காரர்களின் தேவை. உங்கள் 80-இல் எது என்ன சுரக்கிறது என்றே தெரியாதபோது கணினிக்கு எதைச் சொல்லிப் பழக்குவது?

இனி கருவி எதற்கு உதவும் என்று பார்ப்போம்.

ஒரு பாக்டீரியாவை முழுசாக உலர்த்தி நிறமாலை எடுத்தால் அதன் உடம்பின் மொத்தக் கணக்கும் அதில் வந்துவிடும். 3000-லிருந்து 2800 வரை கொழுப்பு அமிலச் சங்கிலிகள், குறிப்பாக 2920-உம் 2850-உம். 1650, 1545 இரண்டும் புரதம். 1240-உம் 1080-உம் பெரும்பாலும் பாஸ்பேட், அதாவது டிஎன்ஏ, ஆர்என்ஏ, பாஸ்போலிப்பிட் எல்லாம் கலந்தது. 1200-லிருந்து 900 வரை செல்சுவரிலும் வெளியிலும் இருக்கும் சர்க்கரைகள். இவற்றின் விகிதம் ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின் மாறும். பெர்லினில் டீட்டர் நௌமானும் கூட்டாளிகளும் 1991-இல் 'நேச்சர்' இதழில் இதைக் காட்டினார்கள். இன்று மருத்துவமனைகளில் ஒரே கிருமி வார்டு வார்டாகப் பரவுகிறதா என்று பார்க்கும் அகச்சிவப்புக் கருவிகள் அதன் வழிவந்தவை.

கடலூர் துறைமுகத்தில் படகு வந்ததும் வலையில் வந்ததைக் கூறு கட்டுவார்கள். விலை பேசுவது அப்புறம்தான். எஃப்டிஐஆர் உங்களுக்குச் செய்யும் வேலை அந்தக் கூறு கட்டுவது. ஒரே சதுப்பில், ஒரே ஊடகத்தில் பிரித்த 80-இல் ஒரே ஸ்ட்ரெயின் பலமுறை வந்திருப்பது நிச்சயம். சாம்பல் நிற வித்துப் படலம் போட்ட காலனிகள் பத்தைக் கண்ணால் பார்த்து இவை வேறு, இவை ஒன்று என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நிறமாலை 80-ஐ 20, 25 கூறுகளாகப் பிரித்துத் தந்தால் 16எஸ் வரிசைப்படுத்தலுக்கு (இனத்தை அடையாளம் காட்டும் மரபணுவைப் படிப்பதற்கு) எல்லாவற்றையும் அனுப்ப வேண்டியதில்லை. செலவில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. ஒரு கூறிலிருந்து ஒன்றை மட்டும் எடுக்காமல் இரண்டை எடுங்கள். ஒரே இனத்துக்குள்ளேயே ஒன்று மருந்து சுரக்கும், இன்னொன்று சும்மா இருக்கும், அது சகஜம்.

மீண்டும் மீண்டும் அதே வருவது உங்கள் கஷ்டம் மட்டுமல்ல, இந்தத் துறையின் கஷ்டமே அதுதான். மண்ணிலிருந்து எடுக்கும் ஆக்டினோமைசீட்ஸில் நூற்றுக்கு ஒன்று ஸ்ட்ரெப்டோமைசின் சுரக்கும், டாப்டோமைசின் சுரப்பது கோடியில் ஒன்று என்று ஒரு மதிப்பீடு உண்டு. தெரிந்ததையே திரும்பக் கண்டுபிடித்து ஓய்ந்துதான் பெரிய நிறுவனங்கள் மண்ணை விட்டுவிட்டுப் போயின. கடல் பக்கமும் சதுப்பு பக்கமும் ஆட்கள் திரும்பியதற்கு அதுவே காரணம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் உங்கள் மாவட்டத்திலேயே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்தது, எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி. கூறு கட்டுவதோடு நிற்காமல், எந்தக் கூறு மருந்து சுரக்க வாய்ப்புள்ளது என்று ஊகிக்கவும் நிறமாலையில் ஒரு குறிப்பு இருக்கிறது. அது 1740.

ஸ்ட்ரெப்டோமைசிஸில் பல இனங்கள் சாப்பிட்ட சர்க்கரையை டிரைஅசைல்கிளிசராலாக, அதாவது நம் எண்ணெயும் நெய்யும் எந்த வகையோ அந்தக் கொழுப்பாக, உடம்புக்குள் சேர்த்துவைக்கும். அந்தக் கொழுப்பின் எஸ்டர் பிணைப்பு 1740-ஐ ஒட்டிப் பீக் தரும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் கோயெலிகலர், ஸ்ட்ரெப்டோமைசிஸ் லிவிடன்ஸ் இரண்டும் மிக நெருங்கிய உறவு. கோயெலிகலர் நீல நிற ஆக்டினோரோடினைத் தாராளமாகச் சுரக்கும், கொழுப்பு அதிகம் சேர்க்காது. லிவிடன்ஸ் கொழுப்பைச் சேர்க்கும், நீலத்தைப் பெரும்பாலும் காட்டாது. அதை உண்டாக்கும் மரபணுக்கள் அதனிடமும் இருந்தும் இப்படி. ஒரே மூலப்பொருள் இரண்டு பக்கம் இழுபடுகிறது: அசிட்டைல் கோ-ஏ. அதைக் கொழுப்பாக அடுக்கி வைக்கலாம், அல்லது எரிக்கலாம், மருந்துக்கும் திருப்பிவிடலாம். பிரான்ஸில் ஒரு குழு இதை நிறைய ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஸ்ட்ரெயின்களில் பார்த்து 2020-இல் வெளியிட்டது. கொழுப்பு கூடினால் மருந்துச் செயல்பாடு குறைவு என்பது பொதுப்போக்கு என்றும், விதிவிலக்குகளும் உண்டு என்றும் சொன்னது. இதைப் பார்க்க ஏடிஆர் எஃப்டிஐஆர் தோதான கருவி: உலர்த்திய மைசீலியத்தை (இழைக் கூட்டத்தை) வைத்து 1740 பீக்கின் பரப்பைப் புரதத்தின் 1650 அல்லது 1545 பீக்கின் பரப்பால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கிறது. விகிதம் குறைவாக இருக்கும் ஸ்ட்ரெயின்களை முதலில் பிளேட்டுக்கு எடுங்கள். கூடுதலாக இருப்பவற்றைத் தூக்கிப் போடாமல் வரிசையில் பின்னால் வையுங்கள், விதிவிலக்குகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு. சேற்றிலிருந்து வந்த பாசில்லஸ் எதுவும் கூட்டத்தில் கலந்திருந்தால் அதற்கு இதைப் போடக்கூடாது. பாசில்லஸ் மெகாடீரியம் போன்றவை பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற பாலியெஸ்டரைச் சேர்த்துவைக்கும்; அதன் பீக்கும் இதே அக்கம்பக்கம்தான். பாசில்லஸ் வித்துவிட்டிருந்தால் கால்சியம் டைபிகோலினேட்டின் பீக்குகள் 1616, 1576, 1437, 1379 ஆகியவற்றை ஒட்டி நிற்கும், எளிதில் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, மாதிரி தயாரிப்பு. கல்லூரிகளில் இது கெட்டுப்போகும் விதங்களை எல்லாம் பார்த்தாயிற்று, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஆக்டினோமைசீட்ஸ் அகாருக்குள் வேர்விட்ட மாதிரி இறங்கி வளரும். லூப்பால் சுரண்டினால் அகாரும் கூடவே வரும். அகார் சர்க்கரைப் பாலிமர். 1200-லிருந்து 900 வரை முழுக்க அதன் ஆட்சியாகிவிடும், அப்புறம் நீங்கள் கூறு கட்டுவது எதில் எவ்வளவு அகார் ஒட்டியது என்பதை வைத்துத்தான். ஆட்டோகிளேவ் செய்த செலோபேன் தாளை அகார் மேல் விரித்து அதன் மேல் வளர்த்தால் மைசீலியம் தோலாக உரிந்து வரும். தாளின் துணுக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் செல்லுலோஸ். இல்லையென்றால் புரோத்தில் வளர்த்து மையவிலக்கில் சுழற்றி எடுக்கலாம்.

ஊடகத்தில் கால்சியம் கார்பனேட் போடுவது வழக்கம். அது 1420 பக்கமும் 875-இலும் பீக் தரும். முடிந்தால் விட்டுவிடுங்கள், அல்லது எல்லாத்துக்கும் ஒரே அளவு போட்டு அந்தப் பகுதிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடல்நீர் கலந்த ஊடகம் என்றால் சோடியம் குளோரைடு தொந்தரவு செய்யாது, அது நடு அகச்சிவப்பில் ஒன்றும் காட்டாது. தொந்தரவு கடல்நீரின் சல்பேட், 1100-ஐச் சுற்றி அகலமாக நிற்கும். பாஸ்பேட் பஃபரால் கழுவாதீர்கள், அதுவும் 1080 பக்கம் மோதும். சாதாரண உப்புக் கரைசலில் இரண்டு மூன்று முறை கழுவி, கடைசியில் ஒரு முறை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் வேகமாக அலசினால் போதும். நீரில் நெடுநேரம் ஊறவிட்டால் செல்லின் உள்ளிருப்பது கொஞ்சம் வெளியே கசியலாம்.

பொட்டாசியம் புரோமைடு வில்லையா (அந்த உப்போடு மாதிரியை அரைத்து அழுத்திய வட்டு), ஏடிஆரா என்று கேட்டால் தயங்காமல் ஏடிஆர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலூரிலும் புதுச்சேரியிலும் வில்லை போட முயன்றவர்களுக்குக் காரணம் தெரியும். உப்பு அரைக்கும்போதே ஈரம் இழுத்துவிடும், வில்லை கண்ணாடி மாதிரி வராமல் பால் நிறத்தில் வெளுக்கும், நிறமாலையில் 3400-உம் 1640-உம் மேடு கட்டும். 1640 மேட்டின் மேல்தான் உங்கள் புரதப் பீக் ஏறி உட்கார வேண்டும், அளவு எப்படிச் சரியாக வரும்? பல கருவிகளின் உள்ளேயும் பொட்டாசியம் புரோமைடு பாகம் இருக்கிறது. சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து வெளிர்சிவப்புக்கு மாறியும் மாற்றாமல் விட்டால் கருவிக்கே சேதம். ஏடிஆரில் கதிர் மாதிரிக்குள் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான் நுழையும். அதனால் மாதிரி படிகத்தோடு ஒட்டி, எங்கும் ஒரே சீராக, நன்றாக உலர்ந்து இருக்க வேண்டும். உறைநிலை உலர்த்தி இருந்தால் உத்தமம். இல்லையென்றால் டெசிக்கேட்டரில் ஓர் இரவு.

எல்லா ஸ்ட்ரெயினும் ஒரே தொகுதி ஊடகம், ஒரே வெப்பநிலை, ஒரே நாள் கணக்கு. இதைச் சமரசம் செய்யவே கூடாது. ஐந்தாம் நாள் மைசீலியத்துக்கும் பத்தாம் நாள் வித்துப் படலத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு இனங்களுக்கு இடையே உள்ளதை விடப் பெரியதாகவே இருக்கலாம். ஒவ்வொரு ஸ்ட்ரெயினையும் தனித்தனியாக மூன்று முறை வளருங்கள். ஒரே பிளேட்டிலிருந்து மூன்று முறை சுரண்டுவது மூன்று மறுபதிவு ஆகாது. கணக்குப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: இரண்டாம் வகைக்கெழு, வெக்டர் நார்மலைசேஷன், முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு, பிறகு வார்டு (Ward) என்பவரின் முறையில், ஒத்தவற்றைப் பக்கத்தில் வைக்கும் மரவரைபடம். ஆர் மென்பொருளில் இலவசமாகவே எல்லாம் செய்யலாம். ஒரே ஸ்ட்ரெயினின் மூன்று பதிவுகளும் மரத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் மற்ற கிளைகளை நம்பலாம்.

பிளேட் சோதனையில் உங்களுக்கு நான் சொல்லித்தர அதிகமில்லை. குறுக்குக் கோடு முறையில் முதல் சுற்று, அகார் துண்டு வெட்டி வைத்து இரண்டாம் சுற்று. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 25923, ஈ. கோலை ஏடிசிசி 25922 இரண்டையும் சோதனைக் கிருமிகளாக வைத்துக்கொள்ளுங்கள். கடல்நீர் ஊடகத்திலிருந்து துண்டு எடுக்கிறீர்கள் என்பதால், எதுவும் விதைக்காத அதே ஊடகத்தின் துண்டு ஒன்றையும் அதே பிளேட்டில் வையுங்கள். உப்பே சோன் (கிருமி வளராத வெற்று வட்டம்) போட்டுவிட்டு மருந்து என்று ஏமாற்றும்.

சோன் போட்டவற்றை எத்தில் அசிடேட்டில் பிரித்த பிறகு எஃப்டிஐஆருக்கு இரண்டாவது வாய்ப்பு வருகிறது. தவறான பயன்பாடும் இங்கேதான் ஏராளம். சுத்திகரிக்காத சாற்றை அப்படியே வைத்து நிறமாலை எடுத்து, "3400-இல் ஓஹெச், ஆகவே பீனால், 1640-இல் கார்பொனைல், ஆகவே ஆல்கலாய்டு" என்று அட்டவணை போடும் ஆய்வறிக்கைகள் நம் பக்கம் கணக்கில்லாமல் இருக்கின்றன. அந்தச் சாற்றில் நூறு பொருள் இருக்கும். 3400 பீக் மிச்சமிருக்கும் ஈரமாகவும் இருக்கலாம், ஊடகத்தின் பெப்டோனாகவும் இருக்கலாம். விதைக்காத ஊடகத்தையும் அதே மாதிரி பிரித்து அதன் நிறமாலையைப் பக்கத்தில் வைத்தாலே அந்த அட்டவணையில் பாதி காணாமல் போகும். டிஎல்சி (சாற்றை மெல்லிய படலத்தில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் முறை) ஓட்டி, எந்தப் புள்ளி பாக்டீரியாவைக் கொல்கிறது என்று பார்த்து, அந்தப் புள்ளியைச் சுரண்டி எடுத்த பிறகு நிறமாலை எடுத்தால் அதற்கு அர்த்தம் உண்டு. எடுத்துக்காட்டாக, புதுச்சேரி இந்திரா நகரில் உள்ள வி.சி.ஆர்.சி. (நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம்), பாசில்லஸ் சப்டிலிஸ் ஒன்றிலிருந்து கொசுவின் கூட்டுப்புழுவைக் கொல்லும் சர்ஃபாக்டினை எடுத்து ஆராய்ந்திருக்கிறது. சர்ஃபாக்டின் வளைய லிப்போபெப்டைடு, அதாவது கொழுப்புச் சங்கிலி கோத்த சிறு பெப்டைடு வளையம். சுத்தமாக இருந்தால் 3300 பக்கம் என்-ஹெச், 2950-லிருந்து 2850 வரை கொழுப்புச் சங்கிலி, 1730 பக்கம் வளையத்தை மூடும் எஸ்டர், 1650 பக்கம் பெப்டைடு என்று நான்கும் சேர்ந்து நிற்கும். அந்த நான்கும் சேர்ந்து வந்தால் லிப்போபெப்டைடாக இருக்கலாம் என்று எழுதலாம். சர்ஃபாக்டின்தான் என்று சொல்ல மாஸ் ஸ்பெக்ட்ரம் வேண்டும்.

இன்னொரு வழி, கையில் நேரம் இருந்தால். மருந்து சுரக்கும் உயிரியை விட்டுவிட்டு, அடிபடும் உயிரியைக் கருவியில் வையுங்கள். ஈ. கோலையையோ பாசில்லஸ் சப்டிலிஸையோ கொல்லாத குறைந்த அளவில் உங்கள் சாற்றோடு சில மணிநேரம் வளர்த்து, அதன் நிறமாலை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பக்கத்திலேயே ஆம்பிசிலின், குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவற்றோடு வளர்த்த அதே பாக்டீரியாவும் இருக்கட்டும். செல்சுவரைத் தாக்கும் மருந்து, புரத ஆக்கத்தை நிறுத்தும் மருந்து, டிஎன்ஏவில் கைவைக்கும் மருந்து ஒவ்வொன்றும் உடம்பை ஒவ்வொரு விதமாகக் கெடுக்கும். உங்கள் சாறு எதன் பக்கம் போய் நிற்கிறது என்பது ஒரு நல்ல துப்பு. எதன் பக்கமும் நிற்காமல் தனியாக நின்றால் அது இன்னும் நல்ல செய்தி.

பிச்சாவரம் காப்புக்காடு என்பதால் சேறு எடுக்க வனத்துறையின் அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வணிகப் பயன்பாடு, வெளிநாட்டுக் கூட்டு என்று ஏதாவது வந்தால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளும் சேர்ந்துகொள்ளும்.

கடைசியாக, சோன் போடாதவற்றைக் கொட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கோயெலிகலரின் மரபணுத் தொகுதியை 2002-இல் முழுதாகப் படித்தபோது ஆன்டிபயாடிக் போன்ற துணைப்பொருள்களைச் செய்யும் மரபணுக் கொத்துகள் இருபதுக்கும் மேல் இருந்தன. பல பத்தாண்டுகளாக அதை வளர்த்தவர்கள் கண்ணில் பட்டது சிலதான். பெரும்பாலானவை ஆய்வகச் சாப்பாட்டில் வாயே திறக்காது. பாஸ்பேட் குறைவான ஊடகம் ஒன்று, குளுக்கோசுக்குப் பதில் கிளிசரால் போட்டது ஒன்று, பிச்சாவரத்துக் கழிமுக நீரையே வடிகட்டிச் சேர்த்தது ஒன்று என்று மூன்றில் வளர்த்து 1740 விகிதம் எதில் இறங்குகிறது என்று பாருங்கள். இறங்கிய ஊடகத்தில் மட்டும் மறுபடி சோன் சோதனை. அதற்கும் அசையாதவற்றை 20 சதவீதக் கிளிசராலில் மைனஸ் 80 உறைபெட்டியில் போட்டு, எந்த மரத்தடிச் சேறு, எந்த ஊடகம், எந்தத் தேதி என்று குப்பியிலேயே எழுதி வையுங்கள்.